காணாமல் போன 'டும் டும்'

பொங்கலுக்கு வெள்ளையடிக்க, அக்கா வீட்டு ஸ்டீரியோவைக் கழற்றி வைத்திருந்தார்கள். திரும்ப மாட்டிப் பாட்டுப் போட்டதும் அக்கா மகளின் முகம் சுருங்கியது. "மாமா, ரெண்டு பெட்டியும் பாடுது. ஆனா 'டும் டும்' மட்டும் காணோமே!"

கூர்மையான காது அவளுக்கு!

ஒரு பெட்டி மட்டும் ஊமையானால் கண்டுபிடிப்பது சுலபம். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றுங்கள். இப்போது அடுத்த பெட்டி ஊமையானால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. அதே பெட்டியே ஊமையாக இருந்தால், பெட்டியிலோ அதன் ஒயரிலோதான்.

இங்கேயோ இரண்டும் பாடின. பிறகு 'டும்' எங்கே போனது?

தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கைகளையும் விட்டு, ஒன்றாக முன்னே தள்ளுங்கள். பெரிய அலை கிளம்பும். ஒரு கை தள்ளும்போதே மறு கையைப் பின்னால் இழுத்தால்? தண்ணீர் கைகளுக்கு நடுவிலேயே இங்கும் அங்கும் ஓடும். தொட்டியின் மறுமுனைக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது.

ஸ்பீக்கருக்குள் இருக்கும் கூம்பும் இப்படித்தான் காற்றைத் தள்ளி இழுக்கிறது. இரண்டு கூம்புகளும் சேர்ந்து அசைய வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு முனைக்குப் போக வேண்டிய ஒயர் கறுப்புக்குப் போய்விட்டால், ஒன்று தள்ள மற்றது இழுக்கும்.

அப்படியென்றால் பாட்டு முழுவதுமே அழிய வேண்டாமா? இங்கேதான் அழகு இருக்கிறது. நொடிக்கு 50 முறை அதிரும் 'டும்' ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். அதன் முன்னால் பெட்டிகளுக்கு இடையே உள்ள 2 மீட்டர் சின்ன தூரம்தான். மேடும் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அழிந்துவிடும். நொடிக்கு 5000 முறை அதிரும் கீச்சொலியின் அலையோ 7 சென்டிமீட்டர்தான். தலையைக் கொஞ்சம் அசைத்தாலே மேடும் பள்ளமும் விலகிவிடும். அதனால் அது தப்பித்துக்கொள்கிறது.

அணைத்துவிட்டுப் பார்த்தோம். இடது பெட்டியில்தான் ஒயர்கள் மாறியிருந்தன. சரியாக மாட்டியதும் 'டும்' வந்தது. அலமாரியில் இருந்த டம்ளர் கிணுகிணுத்தது. அவள் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"மாமா, பாடுறவர் நடுச் சுவருல நிக்கிறாரு! அங்கதான் பெட்டியே இல்லையே?"

இரண்டு பெட்டிகளும் ஒரே குரலை ஒரே நேரத்தில், ஒரே அளவில் தந்தால், அது நடுவிலிருந்து வருவதாக மூளை முடிவு செய்கிறது. ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது இந்த வித்தையை நம்பித்தான்.