எழுத்து ஒன்று மாறினால்



சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "எங்களுக்குத்தான் இங்கிலீசு வாயில நுழையலைங்க வாத்தியாரய்யா. கண்ட மாதிரி ஒடச்சி ஒடச்சிப் பேசியே காலம் போயிருச்சி. பேரனுக்கும் அதே நாக்குத்தான் வந்திருக்கு" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். அவர் முகம் வாடிற்று. அன்று நான் சொன்ன மறுமொழி போதாது என்று பின்னர் பலமுறை எண்ணினேன். இக்கட்டுரை அவருக்கு நான் தர வேண்டியிருந்த விடை.

அவர் 'உடைத்த' சொற்களைச் சற்று எடுத்துப் பார்ப்போம். ஆங்கிலத் துரைமார் தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள் கட்டி, அவற்றை 'லைன்ஸ்' என்று அழைத்தனர். நம் மக்கள் அதை 'லயம்' ஆக்கினர். லயம் என்பது இசையில் தாளத்தின் ஒழுங்கைக் குறிக்கும் சொல். குதிரை கட்டும் இடத்திற்கோ லாயம் என்று பெயர். அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுக்கும் நடுவேதான் எங்கள் வாழ்க்கை நடந்தது. விடியற்காலையில் ஆள் எண்ணிக்கை எடுக்கும் 'பரேட்', 'பெரட்டு' ஆயிற்று. உறங்குகிறவனைப் புரட்டி எழுப்புவதனால்தான் அதற்குப் பெரட்டு என்று பெயர் என என் தந்தையார் வேடிக்கையாகக் கூறுவார். சொல்லின் உண்மையான பிறப்பு அவருக்குத் தெரியாததன்று. தெரிந்தே சொன்ன பொருள் அது.

மலாய்ச் சொற்களும் தப்பவில்லை. 'கெத்தா' என்பது கித்தா ஆனது. பால் வடியும் கிண்ணமாகிய 'மங்கோக்' மங்கு ஆனது. நம் நாட்டுத் தலைநகரின் பெயரையே பாருங்கள். மலாயில் 'குவாலா' என்பது ஆறுகள் கூடும் முகத்துவாரம். 'லும்பூர்' என்பது சேறு. தமிழர் நாவில் அது கோலாலம்பூர் என்று வந்து நின்றபோது, தஞ்சாவூர், வேலூர் போல அதன் கடைசியிலும் ஓர் ஊர் ஒட்டிக்கொண்டது! சேறு போய் ஊர் வந்தது.

வேற்று மொழிச் சொல்லை வளைப்பது படிக்காதவர் செயல் என்பாருக்கு ஒன்று கூறுவேன். துரைமாரும் இதையேதான் செய்தனர். நம் மிளகுத்தண்ணீர் அவர்கள் வாயில் 'மல்லிகட்டானி' ஆயிற்று. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. அவர்கள் உடைத்த சொற்கள் அவர்களுடைய அகராதியில் ஏறி அமர்ந்தன. நம்மவர் உடைத்த சொற்களுக்கு மட்டும் 'கொச்சை' என்ற பட்டம் கிடைத்தது. இது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

சென்னை மாநகரில் இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. மயிலாப்பூர்ப் பக்கம் அமில்டன் என்ற ஆங்கிலப் பெயர் தாங்கிய பாலம் ஒன்று இருந்தது. பொதுமக்கள் நாவில் அது 'அம்பட்டன் வாராவதி' ஆகிவிட்டது. வாராவதி என்றால் பாலம். முன்சொல் முடிதிருத்துவோரைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய பெயர். பின்னர் வந்த ஆங்கிலேயர், இது தம் இனத்தாரின் பெயர் என்பதை அறியாமல், தமிழிலிருந்து மொழிபெயர்த்து, 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்றே வழங்கினர் எனச் சென்னை வரலாறு எழுதியோர் கூறுவர். தம் சொல்லே வேடமிட்டுத் திரும்பி வந்ததை அவர்கள் அடையாளம் காணவில்லை.

மாணவர்களே, இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் புதுப்பொருள் காண்பதை நம் முன்னோர் வெறும் விளையாட்டாக விட்டுவிடவில்லை, இலக்கணமே வகுத்தனர். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல், சித்திரக் கவிகளுள் ஒன்றாக 'எழுத்து வருத்தனம்' என்பதைக் கூறுகிறது. (வருத்தனம் என்றதும் வருத்தப்பட வேண்டா, வளர்ச்சி என்பது பொருள்.) 'கம்' என்றால் தலை. அதன் முன்னே ஓர் எழுத்தைச் சேர்த்தால் 'நகம்', அதாவது மலை. மேலும் ஓர் எழுத்துச் சேர்த்தால் 'கநகம்', பொன். இதை இன்று கனகம் என்று எழுதுகிறோம். இன்னும் ஒன்று சேர்த்தால் 'கோகநகம்', தாமரை. ஒரு தலை மலையாகி, பொன்னாகி, பூவாகவும் பூத்துவிட்டது!

இதற்கு நேர்மாறானது 'அக்கரச்சுதகம்'. ஒவ்வோர் எழுத்தாகக் கழித்துக்கொண்டே போதல். 'கநகாரி' என்றால் கநகனாகிய இரணியனின் பகைவர், நரசிங்கர். முதலெழுத்தை நீக்கினால் 'நகாரி'. மலையின் பகைவர், அதாவது கிரவுஞ்ச மலையைப் பிளந்த முருகப்பெருமான். இன்னும் ஒன்றை நீக்கினால் 'காரி'. அவர் வேறு யாருமல்லர், ஊர் எல்லையில் குதிரையோடு காவல் நிற்கும் நம் ஐயனாரே. எழுத்து குறையக் குறைய, தெய்வம் நம் லயத்திற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 15ஆம் நூற்றாண்டினராகிய காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கிய சிலேடைத் திறமும் இந்த விளையாட்டின் உடன்பிறப்பே. அதைத் தனியே ஒரு கட்டுரையில்தான் எழுத வேண்டும்.

மேலைநாட்டாரும் இதை விரும்புவர். 1775இல் அரங்கேறிய செரிடனின் நாடகம் ஒன்றில் மாலப்ராப் அம்மையார் என்றொருவர் வருகிறார். பெரிய பெரிய சொற்களைத் தவறான இடத்தில் போட்டுப் பேசுவார். மக்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 1993 முதல் 2022 வரை நடத்திய நகைச்சுவைப் போட்டி வேறு வகை. அகராதிச் சொல் ஒன்றில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டியோ, குறைத்தோ, மாற்றியோ புதுச்சொல் ஆக்கி அதற்குப் பொருள் எழுதுமாறு அதில் ஒருமுறை கேட்டிருந்தனர். அங்கே சிரிப்பு, எழுதியவரின் கூர்மையைக் கண்டு எழுவது. தெரியாமல் தவறுகிறவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும், தெரிந்து திரிப்பவரோடு சேர்ந்து சிரிப்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

அந்த மூதாட்டியின் பேரன் ஐந்தாம் ஆண்டில் பயில்கிறான். ஆங்கில வாசிப்பில் திக்குவான். சக மாணவர் சிரிப்பர். அதன்பின் அவன் வாயே திறக்கமாட்டான். ஒருநாள் கரும்பலகையில் இருந்த 'டிக்ஷனரி' என்ற சொல்லில் 'டிக், திக்' என்று நின்றுவிட்டான். நான் பாடத்தை நிறுத்தி, இந்த விளையாட்டை வகுப்புக்கு அறிமுகம் செய்தேன். விதி ஒன்றே. முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றி எழுதி, அதன் உண்மையான பொருளையும் எழுத வேண்டும். அதன் பிறகே அதைத் தமிழாகத் திரிக்கலாம்.

மறுநாள் தாள்கள் வந்தன. 'அம்பிரல்லா' என்னும் குடையை ஒரு மாணவி 'அம்பரெல்லாம்' ஆக்கியிருந்தாள். அம்பரம் என்றால் வானம். வானம் எல்லாவற்றையும் மறைப்பது என்று பொருள் எழுதியிருந்தாள். நீர்யானையாகிய 'ஹிப்போபொட்டாமஸ்', 'இப்போபோட்டாச்சு' ஆகியிருந்தது. இப்போதுதான் போட்டோம் என்று சொல்லச் சொல்ல மறுபடியும் சோறு கேட்கும் விலங்காம். 'கம்பூட்டர்' என்றால் மாணவருக்குக் கம்பை, அதாவது பிரம்பை, உணவாக ஊட்டுகிறவர் என்று ஒருவன் எழுதியிருந்தான். யாரை நினைத்து எழுதினான் என்று நான் விசாரிக்கவில்லை.

நம் பேரப்பிள்ளையின் தாளில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. இடப்பக்கம், ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பத்து எழுத்துகளும் ஒரு பிழையுமின்றி. வலப்பக்கம், தமிழில்:

'திக்கினறி. வாசிக்கும்போது திக்கினால், திறந்து அறிய வேண்டிய புத்தகம்.'

அதை நான் வகுப்பில் உரக்கப் படித்தேன். பிள்ளைகள் சிரித்தனர், அவனும் சிரித்தான். தண்டியாசிரியர் இருந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார் என்பது என் துணிபு. இன்றளவும் எம் வகுப்பில் அகராதிக்குத் திக்கினறி என்றே பெயர். அவன் இப்பொழுதும் திக்கத்தான் செய்கிறான். ஆனால் நின்றுவிடாமல் அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வருகிறான்.

தாள்களில் மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். அது ஆங்கிலச் சொல் அன்று. ளகரத்தையும் லகரத்தையும் மாற்றி எழுதிப் பலமுறை என்னிடம் திட்டு வாங்கிய சிறுமி ஒருத்தி, இம்முறை வேண்டுமென்றே மாற்றி எழுதியிருந்தாள். 'பல்லிக்கூடம்: நீண்ட விடுமுறையில் நம் பள்ளிக்கூடம்.'

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. 1957இல் இந்நாட்டில் 800க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல் உள்ளன. பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், குடும்பங்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்ததும் நீங்கள் அறிந்தவையே. சில மாதங்களுக்கு முன், மூடப்பட்ட தோட்டப்பள்ளி ஒன்றின் சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கரும்பலகைக்கு மேலே அது ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஒருமுறை சத்தமிட்டது. நல்ல சகுனமா, கெட்டதா என்று பார்க்க எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு நம் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பிற்கு இதுவரை பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் ஒருத்தி அந்த மூதாட்டியின் இளைய பேத்தி.