பரதேசி என்றால் கோபம் வராத தெரு!

நெல்லை ஜங்ஷனில் யாரையாவது பார்த்து, "ஏ பரதேசி!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். அடுத்த நிமிஷம் உங்கள் சட்டைக் காலர் அவர் கையில் இருக்கும். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் அதே வார்த்தையை ஒரு வழிபாட்டுத் தலத்துக்கே பெயராக வைத்திருக்கிறார்கள். பரதேசி சினகாக்! (சினகாக் என்றால் யூதர்களின் தொழுகைக் கூடம்.) பரதேசி என்றால் வெளிதேசத்திலிருந்து வந்தவன். அவ்வளவுதான். அதைத் திட்டாக மாற்றியது நம்ம கைங்கரியம்.

ஐரோப்பா போகிறவர்கள் பிராக் நகரத்தில் ஒரு கைடைப் பிடித்துக்கொண்டு யூதர் வீதிகளை நடந்தே சுற்றிப் பார்க்கிறார்கள். அங்கே பிங்காஸ் என்ற சினகாக்கின் சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகள் காலத்தில் உயிரிழந்த ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள். படித்துக்கொண்டே நடந்தால் கால் தானாக நின்றுவிடும் என்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக நமக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, பர்ஸும் இல்லை. பரவாயில்லை. நெல்லையில் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் செங்கோட்டை, கொல்லம் வழியாகக் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் மட்டாஞ்சேரி 'ஜூ டவுன்'. ஒரே ஒரு எச்சரிக்கை. 'சனிக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டால் போதும்' என்று கணக்குப் போடாதீர்கள். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். கதவு பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் நமக்குத் தோது.

ஜிலேபி எழுத்து

தெரு முழுக்க ஏலக்காய், மிளகு வாசனை. தெருக் கோடியில் 1760-ல் எஸக்கியேல் ரஹாபி என்ற பெரும் வியாபாரி கட்டிய மணிக்கூண்டு. அதன் முகங்களில் மலையாளம், ரோமன், எபிரேயம் என்று மூன்று விதமான எண்கள். எந்த மொழிக்காரரும் ஆபீஸுக்கு லேட்டாகப் போக சாக்குச் சொல்ல முடியாது!

சினகாக் கட்டப்பட்டது 1568-ல். போர்த்துக்கீசியரின் தொல்லைக்குத் தப்பி வந்தவர்களுக்குக் கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நம்ம கோயில் மாதிரியே. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல, வெள்ளை ஓடுகள். எல்லாம் கையால் வரைந்தவை. தலைக்கு மேலே பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள். கைடு இவற்றைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்.

நெல்லைக்காரர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் வேறொன்று. யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடுகள். கி.பி. 379 என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். கி.பி. 1000-ஐ ஒட்டியது என்பது ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. 72 உரிமைகளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார் ராஜா. பல்லக்கு, குடை, தோரணம், பகல் விளக்கு, நடக்கப் பாவாடை, இதெல்லாம் உண்டு. (பாவாடை என்றதும் முழிக்க வேண்டாம். பெரியவர்கள் நடந்துவர விரிக்கிற துணி.)

இத்தனையும் எழுதியிருப்பது வட்டெழுத்தில். ஜிலேபி பிழிந்த மாதிரி வளைந்து வளைந்து ஓடுமே, அதே எழுத்து. அம்பாசமுத்திரத்தில் 9-ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியனின் கல்வெட்டு இருப்பதும் இதே வட்டெழுத்தில்தான். தாமிரபரணிக் கரையில் கல்லில் வெட்டிய எழுத்தால்தான் கடல் கடந்து வந்தவனுக்கு அங்கே 'வாங்க, உக்காருங்க' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உட்கார்ந்தவர்கள் யார்?

சரி, ராஜா உட்காரச் சொன்னார். உள்ளே எல்லோரும் உட்கார்ந்தார்களா? இங்கேதான் கதை நமக்கு ரொம்பப் பழக்கமான பக்கம் திரும்புகிறது.

கொச்சி யூதர்களில் 'வெள்ளை' என்றும் 'கறுப்பு' என்றும் பிரிவு. ஐரோப்பாவிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் பின்னால் வந்த பரதேசிகள் வெள்ளை. நெடுங்காலமாக இங்கேயே வாழ்ந்த மலபார் யூதர்கள் கறுப்பு. ஒருவருக்கொருவர் பெண் கொடுக்கல், எடுக்கல் கிடையாது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சம் என்று மூன்றாவதாக ஒரு பிரிவு வேறு. இவர்கள் பரதேசி சினகாக்கின் முன்னறையில் தரையில்தான் உட்கார வேண்டும். கும்பிடுகிற கடவுள் ஒன்று, வேதம் ஒன்று, பெஞ்சு மட்டும் தனி! டீக்கடையில் ரெட்டை டம்ளர் பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தரையில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். ஏ.பி. சேலம். (நம்ம சேலத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!) 1882-ல் பிறந்தவர். சென்னைக்கு வந்து படித்து வக்கீல் ஆனவர். முதலில் சினகாக்கையே புறக்கணித்துப் பார்த்தார். பிறகு காந்தி வழியில் சத்தியாக்கிரகம். கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று பெயரே வந்தது.

1948-ல் இஸ்ரேல் உருவானது. அப்போது கொச்சி யூதர்கள் சுமார் 2,500 பேர். 1950-களில் பெரும்பாலோர் மூட்டை கட்டிவிட்டார்கள். யாரும் விரட்டவில்லை. சொந்த நாடு என்ற ஆசையில் தாங்களாகவே போனார்கள். அவர்கள் போவதற்காக ஓடியாடிப் பேசிய சேலம், தான் மட்டும் போகவில்லை. 1967-ல் கொச்சியிலேயே கண்ணை மூடினார்.

பத்துக்கு ஆள் இல்லை

யூதர்களுக்கு ஒரு விதி. கூட்டு வழிபாடு நடக்க 13 வயது தாண்டிய பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தாலும் அது கூட்டு வழிபாடு ஆகாது.

1968-ல் சினகாக்கின் 400-ஆவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால்தலைகூட வெளியிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. அப்புறம் வருஷா வருஷம் ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பத்துப் பேரைச் சேர்க்க, வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வரும் யூதர்களையும், எர்ணாகுளத்து மலபார் யூதர்களையும் எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. ஆம், ஒரு காலத்தில் 'கறுப்பு' என்று தள்ளி வைக்கப்பட்டவர்களின் வாரிசுகளைத்தான்! தள்ளி வைத்ததால் ஆள் குறையவில்லை, கப்பல் ஏறியதால்தான் குறைந்தார்கள். ஆனாலும் 'நீ தரையில் உட்கார்' என்று சொன்ன இடத்தில் 'நீங்க வந்தால்தான் பத்து' என்று சொல்லும் நாள் வந்ததே!

இதே தெருவில் பூவேலைத் துணிக்கடை வைத்திருந்த சாரா கோஹன் பாட்டி 2019-ல் 96 வயதில் காலமானார். கடைசிவரை அவரைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்டு கடையையும் கவனித்தது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்ட்டில் குவீனி ஹலேகுவா அம்மாளும் காலமானார். அதன்பின் கொச்சியில் பரதேசி யூதர் என்று மிச்சம் ஒருவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆகவே நண்பர்களே, மட்டாஞ்சேரிக்குப் போனால் சரவிளக்கை அண்ணாந்து பாருங்கள், தப்பில்லை. கூடவே கைடிடம், "இந்த முன்னறையில் தரையில் உட்கார்ந்தது யார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் நம்ம தெருவிலும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பத்தாவது ஆளைத் தேடி அலைகிற நிலைமை வருவதற்குள் கேட்டுவிட்டால் ரொம்ப நல்லது!