முன்பள்ளி ஆசிரியையும் அவரது வேதனமும்

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகளுக்கு என்ன தொழில் என்று பெற்றோர் பலர் எம்மிடம் வினவுவதுண்டு. முன்பள்ளி ஆசிரியத் தொழிலையும் எண்ணிப் பாருங்கள் என்கிறோம். எங்கு இடம்பெயர்ந்தாலும் கூடவே கொண்டுசெல்லக் கூடிய தொழில் அது.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்றாண்டுகள் பயின்றவர் அரச பாடசாலையில் நியமனம் பெறுகிறார். முன்பள்ளிகளின் நிலை வேறு. 1987 ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அவற்றை மாகாண சபைகளின் பொறுப்பில் விட்டது. நடத்துவோர் பெரும்பாலும் கிராமச் சங்கங்களும் சமய நிறுவனங்களும் தனியாருமே. ஆகவே ஆசிரியையின் வேதனம் பெரிதும் பெற்றோர் தரும் சிறு கட்டணத்திலேயே தங்கியுள்ளது.

எனவே இரண்டு காரியங்கள் செய்வோம். முதலாவது, மகளைப் பயிற்சியின்றி அனுப்ப வேண்டாம். திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்க் கற்கைநெறி தமிழிலும் உண்டு. இரண்டாவது, 'சேவை' என்று சொல்லி வேதனத்தைக் குறைக்க வேண்டாம். அருவி வெட்டியவருக்குக் கூலி கொடாமல் நாம் அனுப்புவதில்லை. எமது பிள்ளைக்குப் பேசவும் பாடவும் பகிர்ந்துண்ணவும் பழக்குபவருக்கு மாதக் கடைசியில் கை விரிப்பது முறையா? காணி திரும்பக் கிடைத்தோர், சூடு அடித்ததும் வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல்லை முன்பள்ளி நிதிக்கு ஒதுக்கலாமே. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.