ஒரே அமர்வில் ஒலிப்பதிவு

இசைத்தட்டு ஒன்றைக் கேட்கும்போது, கலைஞர் அனைவரும் ஓரிடத்தில் ஒன்றாக அமர்ந்து அளித்த இசை அது என்றே எண்ணுகிறோம். இந்நாளில் பெரும்பாலும் அவ்வாறில்லை. தாளம் ஒரு நாளும் குரல் வேறொரு நாளுமாகத் தனித்தனியே பதிவாகின்றன. பின்னரே அவற்றை இணைக்கின்றனர். இதற்கு நேர்மாறான முறையொன்று உண்டு. குழுவினர் இசைக்க இசைக்க, அவ்விசை அப்போதே இடம், வலம் என்னும் இரு தடங்களில் பதிந்துவிடும். பதிந்தது பதிந்ததுதான், ஒரு கருவியை மட்டும் பின்னர் உயர்த்தவோ தாழ்த்தவோ வழியில்லை. வரைவை மும்முறை அடித்துத் திருத்திப் பழகிய மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இது அச்சமூட்டும் ஏற்பாடாகவே தோன்றுகிறது!

இடப்புறத்து ஒலி நம் வலச்செவியை அடையச் சற்றே தாமதமாகிறது. அத்தாமதம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனையும் ஓசையின் வலிவு வேற்றுமையையும் கொண்டு மூளை திசையை உணர்கிறது. இதனை ஆராய்ந்த ஆலன் புளூம்லீன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், 1931 டிசம்பரில் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கோரினார். ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 பாகை விலகித் திரும்பிய இரு ஒலிவாங்கிகளை வைப்பது அவர் காட்டிய வழிகளுள் ஒன்று. 1934 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடு கூடத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் சிம்பொனி ஒத்திகை இம்முறையில் பதிவாயிற்று.

ஒலிவாங்கி ஓரிடத்திலேயே நிற்குமாயின், ஒலிகளைச் சமன் செய்வது எங்ஙனம்? கலைஞர்களையே நகர்த்த வேண்டும். திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியழுத்தம் பாதியாகும். கூடத்திலோ, விலகிச் செல்லச் செல்ல நேரொலி குறைய, சுவர்களின் எதிரொலி மேலோங்கும். ஆகவே முரசுக்காரர் இரண்டடி பின்வாங்கினால் ஓசை குறைவதோடு, அவர் தொலைவில் இருப்பதாகவும் தோன்றும்.

கனடாவின் டொராண்டோ நகரில் 1987 நவம்பர் 27 அன்று நடந்தது இதற்கு நல்ல சான்று. கவ்பாய் ஜங்க்கீஸ் என்னும் குழுவினர் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி வட்டமாக அமர்ந்தனர். பல திசை ஒலிகளையும் ஏற்கும் பகுதிகள் அதன் தலைக்குள்ளேயே அமைந்திருந்தன. (வானொலிக்குக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி தயாரிப்பதாகச் சொல்லியே இடத்தைப் பெற்றனராம், அக்குறும்பை மன்னிப்போம்.) பதிவை மேற்கொண்டவர் பீட்டர் மூர். பாடகி மார்கோ டிம்மின்ஸின் குரலோ மிக மென்மையானது. கிட்டாருக்கும் முரசுக்கும் ஈடுகொடுக்க அதனால் இயலவில்லை. கருவிகளை அடக்கினால் இசையின் உயிர் போய்விடும். இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே பொழுது கரைந்தது. முடிவில், முன்பு வந்த யாரோ விட்டுச்சென்ற ஒலிபெருக்கியின் வழியே அவர் குரலைச் செலுத்தி, அந்த ஒலியையும் வட்டத்தில் அமர்ந்த மற்றொரு கலைஞரைப் போலவே ஒலிவாங்கி ஏற்குமாறு செய்தனர். சிக்கல் தீர்ந்தது. நேரம் போதாமையால் ஒரு பாடல் மட்டும் சில நாள் கழித்துப் பதிவாயிற்று.

1988-இல் வெளிவந்த அவ்விசைத்தட்டின் பெயர் 'தி டிரினிட்டி செஷன்'. கேட்க விழைவோர், இரண்டு ஒலிபெருக்கிகளையும் சற்று அகல வைத்து, இரண்டிற்கும் சம தூரத்தில் நடுவே அமர்க. ஒருபுறம் ஒதுங்கி உட்கார்ந்தால், அந்த வட்டத்தில் யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பது புலப்படாது.