விற்கிற வீட்டுக்கு என்ன நிறம்?

வீட்டை விற்பதென்று முடிவானதும் புரோக்கர் சொல்கிற முதல் யோசனை, "ஒரு தடவை பெயின்ட் அடிச்சிடுங்க சார், லைட் கலரா." ஏன் லைட் கலர், அதிலும் எந்த லைட் கலர் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்போம்.

பல வருஷம் குடியிருந்த ஒரு ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். டி.வி. மாட்டிய சுவர் மட்டும் ஆரஞ்சு. பிள்ளைகள் அறை ரோஸ். ஹாலில் தாத்தா படம், கல்யாணப் படம், குலதெய்வம். இதில் ஒரு தப்பும் இல்லை. குடியிருக்கிற வீடு அப்படித்தான் இருக்கும். ஆனால் வாங்க வருகிறவர் நின்று பார்ப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் தன் பீரோவை எங்கே வைப்பது, அம்மாவின் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று அவர் மனசுக்குள் வீட்டை அடுக்கிப் பார்த்தாக வேண்டும். ஆரஞ்சுச் சுவர் நடுவில் வந்து நிற்கும். "இதை மாத்தணுமே" என்று தோன்றிவிட்டால், பேரம் பேச ஒரு பிடி கிடைத்துவிட்டது.

அதனால்தான் நியூட்ரல் நிறம் என்கிறார்கள். யார் வீட்டுச் சாமானோடும் மல்லுக்கு நிற்காத நிறம். இங்கேதான் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறோம்: நியூட்ரல் என்றால் வெள்ளை, வீடு முழுக்க வெள்ளை அடித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

வெள்ளையில் ஒரே வெள்ளை கிடையாது. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டியையும் போடாத வேட்டியையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். ஒரே கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டால் ஒன்று நீலம் கலந்தது, மற்றது மஞ்சள் ஓடியது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். பெயின்ட் கடை ஷேடு கார்டிலும் இதேதான். ஒரு வெள்ளையில் துளி நீலம், இன்னொன்றில் துளி மஞ்சள், வேறொன்றில் ரோஸ் அல்லது பச்சை ஒளிந்திருக்கும். இதைத்தான் அண்டர்டோன் என்கிறார்கள். நாம் அடிச்சாயல் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த அடிச்சாயல் பக்கத்தில் இருப்பதையும் மாற்றிக் காட்டும். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடம் என்று பெயர்பெற்ற இடம். அங்கே சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த மிஷெல் செவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத் துணியில் மங்கித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டின. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதைப் பற்றி 1839இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார்.

இதை நம் ஹாலுக்குக் கொண்டுவருவோம். கீழே ஐவரி நிற டைல்ஸ், லேசான மஞ்சள். சுவருக்கு நீலம் ஓடிய தூய வெள்ளை அடிக்கிறோம். சுவர் பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் டைல்ஸ் அழுக்கேறியதுபோலத் தெரியும். பழுத்துப்போன சுவிட்ச் போர்டு இன்னும் பழசாகத் தெரியும். பெயின்ட் அடித்த பிறகு வீடு பழசாகத் தெரிகிறதே என்று பெயின்டரைத் திட்டுவோம், பாவம். ஆகவே தரையிலிருந்து தொடங்குங்கள். மாற்ற முடியாதது அதுதான். ஐவரித் தரைக்குத் துளி மஞ்சள் கலந்த வெள்ளை. சாம்பல் டைல்ஸுக்கு லேசான சாம்பல் ஓடியது. பழைய வீட்டுச் சிவப்புத் தரை இருந்தால் இதமான க்ரீம். அந்தத் தரையை மூடி மறைக்காதீர்கள், அதுவே விலைபோகும் அழகு.

அடுத்தது வெளிச்சம். எல்.இ.டி. பல்பு அட்டையில் 6500கே என்று இருந்தால் நீலம் தூக்கலான வெள்ளை ஒளி, 3000கே என்றால் மஞ்சள் ஒளி. நீல வெள்ளைச் சுவரும் 6500 ட்யூபும் சேர்ந்தால் ஹால் ஆஸ்பத்திரி வராந்தா ஆகிவிடும். குறைந்தது ஒரே அறைக்குள் ஒரே வகை பல்பாக மாற்றிவிடுங்கள்.

கார்டில் பார்த்த நிறம் முழுச் சுவரில் ஏறும்போது அழுத்தமாகத் தெரியும். எமல்ஷன் காய்ந்தால் நிறம் இன்னும் சற்று அழுத்தமாகவும் செய்யும். ஆகையால் சின்ன டப்பா வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் ஜன்னலை ஒட்டிய சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, தரை ஓரம் வரை இறக்கி, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

படங்களை பெயின்ட் அடிக்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். படம் இருந்த இடம் சுவரில் கட்டம் கட்டமாக வெளுப்பாக நிற்கும், ஆணி ஓட்டையும் இருக்கும். பட்டி பார்த்து பிரைமர் அடித்தால்தான் மறையும். ஆரஞ்சுச் சுவருக்கும் பிரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் க்ரீமுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும். பூஜை அலமாரியை மட்டும் நான் கைவைக்கச் சொல்லமாட்டேன். சுத்தமாக இருந்தால் போதும்.

ஒரு விஷயம் பாக்கி. ஓதம் ஏறிய சுவர். நீர் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து காயும். அந்த உப்பு பூத்துத்தான் பெயின்ட் பொரிகிறது. அதன்மேல் எந்த நிறம் அடித்தாலும் மறுபடி பொரியும். அதை மூடி மறைத்து விற்பதும் சரியல்ல. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணமாகக் கவனித்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. அதனால் முதலில் பிளம்பரைக் கூப்பிட்டு ஒழுகலை அடையுங்கள். சுவர் நன்றாகக் காயட்டும். ஷேடு கார்டை அதற்குப் பிறகு விரித்தால் போதும்.