மருத்துவமனைக்கும் வீட்டிற்கும் இடையே: மூத்தோருக்கான பராமரிப்பு மையத்தைத் தேர்வு செய்யும் முன்

‘நாளை டிஸ்சார்ஜ்’ என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தினரின் முகத்தில் முதலில் மகிழ்ச்சியும் சற்று நேரத்தில் கவலையும் தோன்றுவதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட 78 வயதுத் தாயார், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த தந்தையார், நிமோனியாவுக்காகப் பத்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து எழுந்து நிற்கும் வலுவையே இழந்துவிட்ட பெரியப்பா என இவர்கள் பலதரப்பட்டவர்கள். மருத்துவமனையில் இவர்களுக்குச் செய்ய வேண்டியவை முடிந்துவிட்டன. ஆனால் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வீட்டில், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில், இவர்களை உடனே வைத்துப் பார்ப்பது எளிதன்று. அன்று மாலைக்குள் யாரோ ஒருவர் ஒரு மையத்தின் தொலைபேசி எண்ணைத் தருகிறார். மறுநாள் காலை ஆம்புலன்ஸ் அங்கே புறப்படுகிறது. புடவை எடுப்பதற்குக் கூட நான்கு கடை ஏறி இறங்கும் நாம், இதற்கு ஒரு கடையும் ஏறுவதில்லை.

செவிலியர் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்து கிடைக்கும் இத்தகைய தங்கும் மையங்கள் சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. பெயர்ப்பலகைகளில் ஒரு குழப்பம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘மறுவாழ்வு மையம்’ என்று எழுதியிருக்கும் பல இடங்கள் குடிப்பழக்கத்திலிருந்து மீட்பவை. ‘முதியோர் இல்லம்’ என்பது தங்குமிடமும் உணவும் தருவது. அங்கே இயன்முறை மருத்துவரோ இரவுச் செவிலியரோ இருப்பார் என எதிர்பார்க்க இயலாது. நாம் இங்கே பேசுவது மூன்றாவது வகையைப் பற்றி. சில வாரங்கள் தங்கி, இழந்த இயக்கத்தை இயன்ற அளவு மீட்டுக்கொண்டு வீடு திரும்புவதற்கான இடம் அது. பெற்றோரை அங்கே அனுப்புவது அவர்களைக் கைவிடுவதாகும் என்று உறவினர் சிலர் பேசுவதுண்டு. அந்தப் பேச்சுக்கு அஞ்சி, தூக்கி உட்கார வைக்கக்கூட ஆளில்லாத வீட்டிற்கு அழைத்துச் சென்று, மூன்றே வாரத்தில் படுக்கைப்புண்ணுடன் மீண்டும் எங்களிடம் வருவோர் உண்டு.

எதற்காக அனுப்புகிறோம்?

‘நல்ல இடமா?’ என்று கேட்பதற்கு முன், ‘என்ன வேலைக்காக அங்கே போகிறார்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேலையை ஒரே வரியில் எழுத முடிய வேண்டும். ‘அம்மா வாக்கர் பிடித்துக் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை தானே நடக்க வேண்டும்.’ ‘அப்பா புரையேறாமல் கஞ்சி குடிக்க வேண்டும்; சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஒருவர் துணையுடன் மாற வேண்டும்.’ அந்த வரியை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் காட்டி, இது நடக்கக்கூடியதா, எத்தனை வாரம் ஆகும் என்று கேளுங்கள். பிறகு அதே வரியைப் பார்க்கப்போகும் மையத்தாரிடம் காட்டுங்கள். விவரமறிந்தவர் உடனே எதிர்க்கேள்வி கேட்பார்: காலில் முழு எடை வைக்க அறுவை மருத்துவர் அனுமதித்துள்ளாரா? விழும் முன் எப்படி நடந்தார்? வீட்டுக் கழிப்பறை எப்படி இருக்கும்? எதுவும் கேளாமல் ‘எல்லாம் பார்த்துக்கொள்வோம், நீங்கள் கவலைப்படாதீர்கள்’ என்பவரிடம் சற்றுத் தயங்குவது நல்லது.

காலத்தின் அருமையும் இதில் அடங்கியிருக்கிறது. பக்கவாதத்திற்குப் பின் முதல் 3 மாதங்களில்தான் மீட்சி மிக வேகமாக நிகழ்கிறது. அதன் பிறகு அது நின்றுவிடுவதில்லை என்றாலும் வேகம் குறைகிறது. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை செய்தவர்களைப் பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறோம். வயதானவரின் கால் தசை சில நாள் படுக்கையிலேயே கரையத் தொடங்கிவிடும் என்பதே காரணம். ஆகவே, நாளொன்றுக்கு ஒருமுறை ஒருவர் வந்து இருபது நிமிடம் காலை மடக்கி நீட்டிவிட்டுச் செல்வதை மட்டும் பயிற்சி என்று கொள்ள இயலாது. மீதி நேரமெல்லாம் அவர் என்ன செய்கிறார்? சாப்பிடும்போது நாற்காலியில் உட்காருகிறாரா? கழிப்பறைக்கு நடத்திச் செல்கிறார்களா, டயப்பரே போதும் என விட்டுவிடுகிறார்களா? நடக்கக் கூடியவருக்கு வேலைச் சுமை குறையும் என்பதற்காக டயப்பர் கட்டிவிடும் இடத்தில், நடைப்பயிற்சிக்கு நீங்கள் தரும் கட்டணம் வீணாகும்.

பார்க்கச் செல்லும் நேரம்

பெரும்பாலோர் காலை பதினொரு மணிக்குச் சென்று, வரவேற்பறையையும் உடற்பயிற்சிக் கருவிகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்நேரம் மையத்தார் நம்மை எதிர்பார்த்திருக்கும் நேரம். நாங்கள் பரிந்துரைப்பது இரவு உணவு வேளை. ஏழரை மணி அளவில் செல்லுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். ஆள் குறைவாக இருக்கும் பொழுதில்தான் ஒரு மையத்தின் உண்மையான அளவு தெரியும்.

ஊட்டுபவர் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறாரா, சாய்ந்த நிலையிலேயே கரண்டியை வாயில் வைக்கிறாரா என்று கவனியுங்கள். விழுங்கும் திறன் குறைந்தவருக்குப் படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். உண்ட பின்னும் அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். இத்தகையோருக்குக் கெட்டியான கஞ்சியைவிடத் தெளிந்த தண்ணீரே எளிதில் புரையேறும். இது பலரும் அறியாத செய்தி. தண்ணீர் டம்ளரும் அழைப்பு மணியும் நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளனவா? பக்கவாதம் வந்தவர் என்றால் எந்தக் கைக்கு? செயலிழந்த கைப்பக்கம் மணியை மாட்டி வைத்திருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கண்ணாடியும் பல்செட்டும் காதுக்கருவியும் அவரவர் முகத்தில் இருக்கின்றனவா, அலமாரியில் உறங்குகின்றனவா என்பதையும் பாருங்கள். ஊழியர் பேசுவதைக் கேளுங்கள். ‘ஐயா’, ‘அம்மா’, ‘பாட்டி’ என்று அழைக்கிறார்களா, ‘ஏழாம் பெட்’ என்கிறார்களா? உதவியாளர்கள் பலர் இன்று வெளிமாநிலங்களிலிருந்து வருகிறார்கள். அவர்களில் மிகுந்த பொறுமைசாலிகள் உண்டு. ஆயினும் பேச்சுத் தடுமாறும் பக்கவாத நோயாளிக்கும், மறதிநோய் உள்ளவருக்கும் அரைகுறைச் சொல்லையும் புரிந்துகொள்ளும் தமிழறிந்தவர் ஒருவராவது ஒவ்வொரு பணிவேளையிலும் இருக்க வேண்டும். வலிக்கிறது என்பதை அவர் வேறு எம்மொழியில் சொல்வார்?

அடுத்து, சீருடை அணிந்த அனைவரும் செவிலியர் அல்லர். படித்து மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர் வேறு, சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர் வேறு. இருவரும் தேவை, ஆனால் இன்சுலின் போடுவதும் மூக்குக் குழாயைப் பார்த்துக்கொள்வதும் முன்னவர் பணி. ‘இரவு இரண்டு மணிக்கு இந்தத் தளத்தில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர், எத்தனை உதவியாளர்?’ என்று கேட்டு, எண்ணாகவே விடை பெறுங்கள். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் யாரை அழைப்பார்கள், மருத்துவர் நேரில் வருவாரா, எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கீழே விழுந்தவரைப் பற்றிய கேள்வி

மேற்கண்ட கேள்விகள் அனைத்தையும் விட ஒன்றை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். ‘கடைசியாக இங்கே ஒருவர் எப்போது கீழே விழுந்தார்? அப்போது என்ன செய்தீர்கள்?’ கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் விடை பல செய்திகளைச் சொல்லிவிடும்.

மீண்டும் நடை பழகும் முதியவர்கள் உள்ள இடத்தில் யாரேனும் எப்போதாவது விழவே செய்வார். ‘எங்களிடம் ஒருவரும் விழுந்ததே இல்லை’ என்ற விடை கேட்பதற்கு இனிது; ஆனால் யாரையும் நடக்க விடாத இடத்திலும் ஒருவரும் விழுவதில்லை. கட்டிலோடு கையைக் கட்டிவைத்தால் விழமாட்டார். தூக்க மாத்திரை கொடுத்தால் எழவே மாட்டார். இவ்விரண்டையும் பாதுகாப்பு என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கட்டிவைப்பதால் படுக்கைப்புண்ணும் மனக்குழப்பமும் தசைச் சோர்வும் கூடுகின்றன. தூக்க மாத்திரையோ முதியவர்களிடம் விழும் வாய்ப்பையே மிகுதியாக்குகிறது. ‘போன மாதம் ஒருவர் இரவில் கழிப்பறைக்குத் தனியே எழுந்து விழுந்தார். தலையில் அடியா என்று பார்த்தோம், மகனுக்கு அப்போதே சொன்னோம், அதன் பிறகு படுக்கும் முன் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்கிறோம்’ என்று ஒருவர் விடை சொன்னால், அந்த இடத்தை உங்கள் பட்டியலில் மேலே வையுங்கள். கட்டுவதற்கும் உறக்க மருந்துக்கும் குடும்பத்தின் ஒப்புதலைக் கேட்பார்களா என்பதையும் தெளிவாக வினவுங்கள்.

படுக்கைப்புண்ணைப் பற்றியும் இவ்வாறே கேட்கலாம். தானே புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, அதைத் தாளில் குறிப்பது வழக்கம். காற்றுமெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். இரவு முழுவதற்கும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் குறித்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

குளியலறை, தூய்மை போன்றவற்றை எல்லோரும் பார்ப்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம்: சக்கர நாற்காலி கதவில் நுழைய வேண்டும், கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி வேண்டும், சிறுநீர்ப் பை தரையில் கிடக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழையும் காட்டச் சொல்லலாம். தமிழ்நாட்டில் தனியார் சிகிச்சை நிறுவனங்களுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது.

கட்டணத்தில் ஏமாற்றம் வருவது நாள் வாடகையில் அன்று. அதற்கு வெளியே உள்ளவற்றில். டயப்பர், மருந்து, இயன்முறை சிகிச்சை, மருத்துவர் வருகை, தனி உதவியாளர் ஆகியவை சேர்ந்ததா, தனியா? பதினைந்து நாளுக்கு ஒரு மாதிரிப் பில் எழுதித் தரும்படி கேளுங்கள். முன்பணம் திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டை நம்பியிருப்போர் பாலிசியை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது விலக்குகளில் ‘எக்ஸ்க்ல் 05’ என்ற குறியீட்டில் ஓய்வுச் சிகிச்சையும் மறுவாழ்வுப் பராமரிப்பும் இடம்பெறுகின்றன. குளிப்பாட்டுதல், உடுத்துதல், நடத்திச் செல்லுதல் ஆகியவற்றுக்காக மட்டும் ஓரிடத்தில் தங்கும் செலவு அதில் அடங்கிவிடும். எனினும் டிஸ்சார்ஜுக்குப் பின் குறிப்பிட்ட நாள்வரை மருந்து, பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் ஏற்கின்றன. ரசீதுகளைத் தனித்தனியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இச்செலவு எல்லோருக்கும் இயலாது என்பதை நாங்கள் அறிவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் அளிக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டுள்ளது. வீட்டில் பகல் நேரத்தில் தாங்கிப் பிடிக்க ஒருவர் இருந்தால், சிலருக்கு வீடே போதும். நோய் முற்றி, மீட்சிக்கு இடமில்லாத நிலையில் உள்ளவரைப் பயிற்சிக்கென்று அனுப்புவது அவருக்குத் துன்பமே தரும். அப்போது வலியின்றி வைத்திருக்கும் இடத்தைத் தேட வேண்டும். இதைச் சொல்ல எங்கள் மருத்துவர்கள் தயங்கினாலும் நீங்கள் கேட்கத் தயங்காதீர்கள்.

இத்தனைக்கும் நடுவில் போகப்போகிறவரிடம் யாரும் சொல்வதில்லை. ‘செக்கப்புக்குப் போகிறோம்’ என்று ஏற்றிச் சென்று விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த ஒரு பொய்யால், உண்ண மறுத்து, பயிற்சிக்கு ஒத்துழையாமல், சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார்கள் சிலர். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு இடங்கள் இருந்தால் படத்தைக் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். அடுத்த வாரம் வருகிறேன் என்பதை விட, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி, அந்நேரத்தில் போய் நில்லுங்கள்.

இடம் மாறும் நாளில் டிஸ்சார்ஜ் சுருக்கத்துடன் ஒரு தனித்தாளும் எங்களிடம் கேட்டு வாங்குங்கள். தையல் பிரிக்கும் நாள், சிறுநீர்க் குழாய் பொருத்திய நாள், ரத்தம் உறையாமைக்கான மருந்தை நிறுத்த வேண்டிய நாள், கடைசியாக எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது ஆகியவை அதில் இருக்க வேண்டும். முதல் இரண்டு நாளில் ஒருமுறையேனும் நேரில் சென்று, மருந்துப் பட்டியலை அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குதிகாலையும் முதுகின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து, முன்பு எழுதிய அந்த ஒற்றை வரியை எடுத்து மையத்தாருடன் உட்காருங்கள். முன்னேற்றம் இல்லையெனில் காரணம் கேளுங்கள். காரணம் சரியில்லையெனில் வேறிடம் மாற்றலாம்; முன்பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஒருவரை அங்கேயே விட்டுவைக்க வேண்டியதில்லை. மூத்தோருக்கு எங்கேனும் கொடுமை நேர்வதாக ஐயம் எழுந்தால் 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் தகவல் தரலாம்.

எங்கள் சமூகப் பணியாளரைச் சந்திக்க டிஸ்சார்ஜ் நாள்வரை காத்திருக்க வேண்டாம். சேர்க்கையான மூன்றாம் நாளே வார்டு செவிலியரிடம் சொல்லி நேரம் கேளுங்கள். வீட்டுக் கழிப்பறையையும் வாசற்படியையும் கைப்பேசியில் படமெடுத்து உடன் கொண்டுவந்தால், இயன்முறை மருத்துவரும் அந்தச் சந்திப்பில் கலந்துகொள்வார்.