டோனோ மூடி அதிர்வு

டோனோ மூடி என்பது பிக்கப் சரக்குந்தின் திறந்த பின்தட்டை மூடும் விரிப்பு ஆகும். வினைல் துணியாலான மென்மூடிகள் நெடுஞ்சாலை வேகத்தில் படபடத்து அதிர்வதுண்டு.

காரணம்

ஓட்டுநர் அறைக் கூரையைக் கடக்கும் காற்று பின்விளிம்பில் பிரிந்து சுழல்கிறது. மூடிக்கு மேல் அழுத்தம் குறைவதால், கீழுள்ள காற்று அதனை மேலே தள்ளுகிறது. இவ்விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயரும். வேகம் மணிக்கு 50 கிமீ-இலிருந்து 100 கிமீ ஆனால் விசை ஏறத்தாழ 4 மடங்காகும்.

தீர்வு

துணியின் இழுவிசையைக் கூட்டுவதே முதல் வழி. இதற்கான திருகுகளை இருபுறமும் சமமாக முறுக்க வேண்டும். வெப்பத்தில் வினைல் தளர்வதால் கோடையில் மீண்டும் சரிபார்த்தல் நன்று. முன்விளிம்பு ரப்பர் அடைப்பில் இடைவெளி இருப்பின் அதனையும் அடைக்க வேண்டும். அதிர்வைப் புறக்கணித்தால் தையல் கிழிந்து, மூடி பறந்து பின்வரும் வாகனங்களுக்கு ஆபத்தாகலாம்.